சாம்பலில் பதிந்த கால்

மருதங்காடு என்று ஒரு நாடு இருந்தது. இப்போது தேடிப் போகாதீர்கள், கிடைக்காது. அதை ஆண்ட வீரகண்டன் நல்ல ராஜாதான். ஆனால் பயந்துபோன ராஜா. நல்லவன் பயந்தால் என்ன செய்வான் என்பதைக் கேளுங்கள்.

ஒருநாள் யாரோ அரண்மனை நெற்களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஒன்பது காவலர்கள் வெந்து செத்தார்கள். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று சட்டங்கள் போட்டான்.

எல்லா வாசலிலும் சலித்த சாம்பல் பரப்ப வேண்டும், வருகிறவர் போகிறவர் கால்தடம் அதில் விழ வேண்டும் என்றது முதல் சட்டம். சந்தேகமான தடத்தைச் சாம்பல் அதிகாரி அப்படியே ஓலையில் வரைந்து முத்திரையிட வேண்டும் என்றது இரண்டாவது. அந்த ஓலையைக் குற்றம் சாட்டப்பட்டவரும் பார்க்கக் கூடாது, நீதிபதியும் பார்க்கக் கூடாது, அதிகாரி சொன்னால் சொன்னதுதான் என்றது மூன்றாவது.

ஜனங்கள் தலையாட்டினார்கள். ஒன்பது பிணத்தைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஊருக்கு விருந்தாளி வருவது நின்றது. வாசலைத் தாண்டும்போது எல்லோரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு சாணை பிடிப்பவனை, புதிதாகக் கட்டிய களஞ்சியத்தின் வாசலில் அவன் தடம் கிடைத்ததாகச் சொல்லிக் கொன்றார்கள். அடுத்த மாதம் அதே வாசல், அதே குற்றம், ஒரு பூ வியாபாரி செத்தான். மூன்றாவதாக மருத்துவச்சி அங்காயியைப் பிடித்தார்கள். பிரசவம் பார்க்கிறவள், ஊரிலேயே அதிகத் தடம் அவளுடையதுதான்.

நீதிமண்டபத்தில் ராஜா உட்பட யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். வெறுங்காலோடு நின்ற அங்காயியைச் சாம்பல் அதிகாரி பூதலிங்கம் விசாரித்தான்.

"எதுக்கு இத்தனை வாசல் ஏறி இறங்கினே?"

"பிள்ளை பிறக்கிற வீட்டுக்கெல்லாம் போவேன், சாமி."

"களஞ்சிய வாசலுக்கு?"

"அங்க யாரும் பிள்ளை பெறலையே."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அதையும் யாராவது எழுதிக்கொள்வார்கள்.

அவள் நீதிபதியிடம் திரும்பினாள். "ஐயா, அந்த ஓலையை நான் பார்க்க வேண்டாம். இங்கேயே சாம்பலைப் பரப்பச் சொல்லுங்க, காலை வைக்கிறேன். ரெண்டையும் நீங்க ஒத்துப் பாருங்க. பொருந்தினா கொன்னுடுங்க."

"சட்டத்தில் இடமில்லை" என்றான் பூதலிங்கம்.

"பார்த்துத் தொலையட்டும். இவள்தான் என்று ஊருக்கும் தெரியட்டும்" என்றான் ராஜா.

சாம்பல் பரப்பினார்கள். அங்காயி மிதித்தாள். நீதிபதி ஓலையின் முத்திரையை உடைத்தார். ஓலையில் இருந்தது நீண்ட, ஒடுங்கிய இடதுகால். அதில் சுண்டுவிரல் பதியவே இல்லை. அங்காயியின் அகன்ற பாதத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"இது இவள் கால் இல்லை" என்றார்.

"அப்படியானால் யார் கால்?" என்று ராஜா எழுந்தான். உட்கார முடியாமல் இங்கும் அங்கும் நடந்தான். சாம்பலின் மேலேயே மூன்று முறை நடந்தான்.

நீதிபதி கீழே பார்த்தார். ஓலையைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். "மகாராஜா, கொஞ்சம் நில்லுங்கள்."

ராஜாவின் இடதுகால் சுண்டுவிரல் முன்பொருமுறை குதிரை மிதித்து மடங்கிப்போனது. அது தரையில் படாது. அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் அந்தி மங்கும் நேரத்தில், யாரையும் நம்பாமல், தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு களஞ்சியம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவன் அவன்தான்.

"பழைய ரெண்டு ஓலையையும் கொண்டுவா" என்றான்.

முதல் ஓலையைப் பிரித்தார்கள். சுண்டுவிரல் இல்லை. இரண்டாவதைப் பிரித்தார்கள். அதிலும் இல்லை.

ராஜா சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்காயி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் வலி எடுத்திருக்கும் என்று அந்தச் சாம்பலை மிதித்துக்கொண்டே வெளியேறினாள். களஞ்சியத்துக்குத் தீ வைத்தவன் கடைசிவரை அகப்படவில்லை.

பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்வது இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் பிரித்துக் காட்ட முடியாத சாட்சியத்தை நம்பி எந்த நாடும் யாரையும் தண்டிக்கக் கூடாது.