ஆவுடைநாயகம் நீக்கிய இரண்டு வரிகள்

தாமிரபரணிக் கரையில் பூவனேரி என்னும் ஊரில், அவ்வூர்க் கோயில் சிவனான புன்னைவனநாதரையே நினைவாகக் கொண்டு வாழ்ந்தவர் ஆவுடைநாயகம். பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை. மாணவர்கள் வருவதற்கு முன் மேசைகளைத் துடைப்பார். கருகிய கம்பிகளைப் பிரித்து எடுப்பார். வகுப்பு முடிந்ததும் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் முனைகளைத் தேய்த்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். "நாயகம், அஞ்சு டீ சொல்லிட்டு வாரும்" என்று விரிவுரையாளர்கள் ஏவினால், போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் அது விளங்கியதில்லை. உலகத்தில் பலர் கூடி எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் இயங்குதளம் ஒன்று உண்டு. அதன் உட்பகுதியைக் கர்னல் என்பார்கள். ஒவ்வொரு கருவிக்குள்ளும் காலத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் டைமர் ஒன்று இருக்கும். "இவ்வளவு நேரம் கழித்து எழுப்பு" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கர்னல் உறங்கப் போகும். நேரம் வந்ததும் டைமர் தட்டி எழுப்பும். இரண்டுக்கும் இடையே நின்று பேசுகிற நிரல்தான் டிரைவர். சிப் எனப்படும் மலிவான பழைய சில்லுகள் பலவற்றின் டைமர் டிரைவர்களைப் பழுதின்றிக் காத்துவரும் பொறுப்பு ஆவுடைநாயகத்திடம் இருந்தது. யாரும் அவரைக் கூப்பிட்டு அமர்த்தவில்லை. கல்லூரியில் கழித்துப்போட்ட மின்னணுப் போர்டுகளை வைத்துத் தாமே கற்று, பிழை திருத்தி அனுப்பி அனுப்பி, பத்து ஆண்டுகளில் அது அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

விடியலில் ஆற்றில் குளித்து, நீறணிந்து, சந்நிதியில் நின்றுவிட்டு வந்து கணினி முன் அமர்வார். எந்த நாட்டிலிருந்தோ யாரோ அனுப்பிய திருத்தத்தை வரிவரியாகப் படிப்பார். பலகையில் நிறுத்தி வைத்திருக்கும் பன்னிரண்டு போர்டுகளிலும் ஓட்டிப் பார்ப்பார். சரியென்று கண்டால் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே, தாம் பார்த்ததற்கு அடையாளமாக அடியில் தம் பெயரை இடுவார். ஆனித் திருவிழாவின் பத்து நாளும் கோயில் வாகனங்களைத் துடைத்து மெருகேற்றுவதும் அவர் பணியே.

"உலகத்துக்கே மணி அடிக்கிறவரு, இங்க நமக்கு டீ வாங்கிட்டு நிக்காரு" என்று துறைத்தலைவர் சொன்னால் அறையே சிரிக்கும். ஆவுடைநாயகமும் சேர்ந்து சிரிப்பார். "காலத்த நடத்துதவன் அவன். நான் அவன் வாசல்ல பெருக்குத ஆளு. இதுல எனக்கு என்ன கொறச்சல்?" என்று மனைவி பிரமு அம்மாளிடம் சொல்வார்.

இத்தகையவர் வாழ்விலும் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால் அவரே ஒப்பமாட்டார்.

பழைய சில்லு ஒன்றின் டிரைவரை ஒரு கோடையில் அவர் சீர்படுத்தினார். எழுப்ப வேண்டிய நேரத்தைச் சில்லிடம் எழுதிய பின்பு, மறுபடி ஒருமுறை எண்ணிக்கையைப் படித்துப் பார்க்க அதில் இரண்டு வரிகள் இருந்தன. யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. வேண்டாத வேலை என்று தோன்றியது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு பழுதும் தெரியவில்லை. இரண்டு வரிகளையும் நீக்கித் தம் பெயரை இட்டார். இவ்வளவு சுத்தமாக எழுத நாயகத்தால்தான் முடியும் என்று சிலர் பாராட்டி எழுதினார்கள். அந்தச் சொல் அவருக்கு இனித்தது. அப்படி இனித்ததை நினைத்து நினைத்துப் பிற்காலத்தில் அவர் வெட்கப்பட்டார்.

மறு ஆண்டு வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சூசைமரியான். கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு இடங்காட்டும் கருவியைத் தம் கையாலேயே செய்துகொடுப்பவர். படகு எங்கே நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குச் சொல்லும் கருவி அது. எப்போதாவது ஒன்று பேச்சு மூச்சின்றி உறங்கிவிடுகிறது, ஒன்றரை நாள் கழித்துத் தானாகவே எழுந்துகொள்கிறது, டைமரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என ஒரே வரியில் ஆவுடைநாயகம் பதில் போட்டார்.

இரண்டாவது கடிதம் தமிழில் வந்தது. நீளமாக இருந்தது. அது வந்த அன்று கோயிலில் கொடியேறியிருந்தது. பாதி படித்துவிட்டு, வாகனம் துடைக்க ஓடிவிட்டார்.

நான்காம் திருநாள் அன்று சோறு பரிமாறும்போது பிரமு அம்மாள் கேட்டார். "அந்தக் கடக்கரைக்காரருக்குப் பதில் போட்டியளா? ரெண்டாந் தடவையா எழுதியிருக்காருன்னு சொன்னியளே."

"அவருக்குப் பத்தவைக்கத் தெரியல, டைமரக் கொற சொல்லுதாரு. சாமி காரியம் முடியட்டும், பிரமு. அவனுக்கு முந்தி இதெல்லாமா?"

திருவிழா முடிந்தது. வேறு கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தக் கடிதம் அடியில் போயிற்று.

தை மாதம் சூசைமரியானிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. அதில் குறை எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீக்கிய இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்க்கும் திருத்தம் ஒன்றை அனுப்பியிருந்தார். எழுப்ப வேண்டிய நேரம் மிக அருகில் இருந்தால், அதைச் சில்லிடம் எழுதி முடிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். தவறவிட்ட எண் மறுபடி வரும்வரை சில்லு முழுச் சுற்றும் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு மணி நேரம். எழுதியதும் ஒருமுறை படித்துப் பார்த்தால், கடந்துபோனது அப்போதே தெரிந்துவிடும். விளக்கம் இவ்வளவுதான்.

ஆவுடைநாயகம் மிகக் குறுகிய நேரங்களை இலட்சக்கணக்கான முறை கொடுத்துச் சோதித்தார். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு ஒரு போர்டு நின்றது. அவர் அதைத் தொடவில்லை. வேலைக்கும் போகவில்லை. மறுநாள் மாலை ஆறரை மணிக்கு அது தானாக எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் ஓடத் தொடங்கியது. பழைய கடிதத்தைத் தேடி எடுத்துக் கடைசிவரை படித்தார். எந்தத் தேதியில், எந்தப் படகில், எத்தனை மணிக்கு நின்றது, எப்போது எழுந்தது என்று பதினோரு தடவைக்கான கணக்கை அந்த மனிதர் அதில் எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் முப்பத்தாறு மணி நேரம்.

முதல் பேருந்தைப் பிடித்துக் கடற்கரைக்குப் போனார். சூசைமரியானின் வீட்டுச் சுவரில் ஓர் இளைஞனின் படம் மாட்டியிருந்தது. மாலை புதிது.

"நான் பூவனேரி ஆவுடைநாயகம். அந்த ரெண்டு வரிய நீக்கினது நான்தான்" என்றார்.

"தெரியும் சார். நீக்கினவரு பேரு அதுலயே கெடக்குல்லா" என்றார் சூசைமரியான். சுவரைக் காட்டினார். "எனக்க தம்பி, கிளீட்டஸ்."

கார்த்திகைக் காற்றில் அவன் போன படகின் இன்ஜின் நின்றுபோனது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கருவி பேசுவதை நிறுத்தியிருந்தது. அது கடைசியாகச் சொன்ன இடத்தைச் சுற்றியே எல்லாரும் தேடினார்கள். படகோ நீரோட்டத்தில் வெகுதூரம் போயிருந்தது. மூன்றாம் நாள் கருவி எழுந்து இடத்தைச் சொன்ன பிறகு கண்டுபிடித்தபோது, நால்வரில் மூவரே உயிரோடு இருந்தனர்.

ஆவுடைநாயகம் அப்படியே அவர் காலில் விழுந்தார்.

"எந்திரிங்க சார். எனக்க கால்ல விழுந்து என்ன ஆவப் போவுது? நான் எழுதின ரெண்டாவது கடிதாசிய வாசிச்சீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"பாதி வாசிச்சேன்."

"மீதிலதான் சார் எல்லாம் எழுதியிருந்தேன்."

அடுத்த அறையில் கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"மன்னிக்கிறதப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சூசைமரியான். "இந்தக் கரையில நூத்தி நாப்பது போட்டுல இன்னும் அந்த ரெண்டு வரி இல்லாததுதான் ஓடுது. நான் ஒருத்தன் எத்தனயில ஏறி எறங்குவேன்? ஞாயித்துக்கெழம ஒருத்தரும் கடலுக்குப் போவமாட்டாவ. அன்னைக்கு வாருங்க."

ஊர் திரும்பியதும் ஆவுடைநாயகம் அந்தத் திருத்தத்தை ஏற்று, அதன் குறிப்பில் இப்படி எழுதினார்: "இவ்வரிகளை நீக்கியது நான். இருமுறை எச்சரிக்கை வந்தும் நான் செவிகொடுக்கவில்லை. அதனால் கடலில் ஓர் உயிர் போயிற்று." பிழை எல்லாருக்கும் நேர்வதுதான், கடைசி வாக்கியம் இந்த இடத்துக்குத் தேவையில்லை என்று கர்னல் பணியில் அவருக்கு மேலே இருந்த தலைவர் அன்பாகவே எழுதினார். அது இல்லாவிட்டால் என் பெயரை அடியில் இட எனக்கு முகமில்லை என்று இவர் பதில் எழுதினார். எழுதியது எழுதியபடி உலகத்தார் கண்முன் ஏறியது.

செய்தி கல்லூரிக்கும் எட்டியது. முன்பு சிரித்தவர்கள் இப்போது அவர் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். டீ வாங்கிவரக்கூட அவரை யாரும் அனுப்பவில்லை. அந்த மௌனத்தைவிட அவர்களுடைய பழைய சிரிப்பே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று முதல் அவர் கோயிலுக்குள் போகவில்லை. "உன் காரியம்னு சொல்லித்தானே அந்தக் கடிதாசிய மூடினேன். ஒன்னயே சாக்கு ஆக்கிட்டேனே!" என்று தெருவில் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துச் சொல்வார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஆனியில் வாகனங்களை வேறு யாரோ துடைத்தார்கள். வாத்திய ஓசை கேட்டபோது அவர் வீட்டுக்குள் கதவோரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிரமு அம்மாள் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

ஞாயிறுதோறும் கடற்கரைக்குப் போனார். படகு படகாக ஏறி, கருவியைத் திறந்து, புதியதை ஏற்றி, ஓட்டிப் பார்த்து, மூடினார். வெயிலில் தோல் உரிந்தது. வழுக்கி விழுந்து ஒருமுறை மணிக்கட்டு பிசகியது. சிலர் அவரை ஏறவிடவில்லை. இவர்தானே அவர் என்று காதுபடப் பேசினார்கள். ஏறவிடாத படகுக்கு அடுத்த ஞாயிறும் போய்க் கேட்டார். சூசைமரியான் கூடவே வருவார், வேண்டியதற்கு மட்டும் பேசுவார். ஜெசிந்தா ஒருநாளும் பேசியதில்லை. நூற்று நாற்பதும் முடிந்தபின் பக்கத்து ஊர்க் கரைகளுக்கும் இருவரும் போனார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடின.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. உச்சிப்பொழுது. சூசைமரியான் சாப்பிடப் போயிருந்தார். ஆவுடைநாயகம் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, அலைத் தடுப்புச் சுவரின் கடைசியில் ஒரு சிறு வள்ளத்திலிருந்து கிழவர் ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எனக்க வள்ளத்தயும் பாத்துட்டுப் போவும்."

இறங்கிப் பார்த்தார். அதிலும் திருத்தாத நிரல்தான் இருந்தது. குந்தி உட்கார்ந்து மாற்றத் தொடங்கினார். கிழவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குள்ள வாரதில்லியோ?"

ஆவுடைநாயகத்தின் கை நின்றது. "எனக்குத் தகுதியில்ல, ஐயா."

"ஆரு சொன்னது?"

அவர் குனிந்து மறுபடி கருவியில் கை வைத்தார்.

கிழவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன பிள்ள எங்கிட்டதான் இருக்கான். இப்ப அவனுக்குக் குளிரு இல்ல. நீ வெளியில நிக்காத. உள்ள வா."

ஆவுடைநாயகம் நிமிர்ந்து பார்த்தபோது அவர் நின்றுகொண்டிருந்தது பாறைமேல். வள்ளமும் இல்லை, கிழவரும் இல்லை. திரும்பி வந்த சூசைமரியானிடம் கேட்டார். "அந்த மொனையில வள்ளம் கட்ட எடமே கெடையாதே சார். பூராவும் பாறையல்லா?" என்று சொன்ன சூசைமரியான் இவருடைய முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பேருந்து வரும்வரை, முதல் முறையாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே நேரத்தில் பூவனேரியில் உச்சிகால பூசைக்குத் திரை விலக்கிய நடேச குருக்கள் திகைத்து நின்றார். கருவறைத் தரையெல்லாம் ஈரம். தொட்டு நாவில் வைத்தால் உப்பு. பீடத்தைச் சுற்றிக் கடல் மணலும் உடைந்த சிப்பிகளும் கிடந்தன. கடலோ இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. வெளியே நிற்கிறவனை அழைத்து வா என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுந்ததாகக் குருக்கள் தம் கடைசி நாள்வரை சொல்லிவந்தார்.

மாலையில் பேருந்து வந்து நின்றபோது, சுவாமிக்குச் சாத்தியிருந்த மாலையைக் கையில் ஏந்தியபடி குருக்கள் காத்திருந்தார்.

"நாயகம், சுவாமி உங்கள அழைச்சிண்டு வரச் சொன்னார். பீடமெல்லாம் ஒரே உப்பு ஜலம். எங்கே போய்ட்டு வந்தாரோ, தெரியல."

ஆவுடைநாயகம் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து அவர் பின்னே நடந்தார். சந்நிதியில் தமக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டபோது, ஜெசிந்தா பெயரையும் அவள் குழந்தையின் பெயரையும் சூசைமரியான் பெயரையும் சொன்னார். குருக்கள் ஒரு கணம் பார்த்துவிட்டு, மூன்று பெயர்களையும் அப்படியே சொல்லி மலர் தூவினார்.

அதற்குப் பின்னும் அவருடைய துயரம் தீர்ந்துவிடவில்லை. ஞாயிறு வந்தால் கடற்கரைக்குத்தான் போனார். எவர் எந்த மொழியில் எழுதினாலும் கடைசி எழுத்துவரை படித்து அன்றே பதில் போட்டார். இறைவனே வந்து அழைத்த பின்பும், தம்மை நல்லவன் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. செய்த பிழையைத் தம் பெயரோடு எழுதி வைத்து, அதன் பாரத்தைக் கரை கரையாகச் சுமந்து நடந்த அந்த எளியவரின் திருவடிகளை நாமும் நினைத்து வணங்குவோம்.