பித்தளை லைட்டரும் மீன் லைட்டரும்

ஒரு வழக்கு சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. கையில் டீ இருந்தால் மெதுவாகவே குடியுங்கள். அவசரப்பட்டவர்களால்தான் இந்த வழக்கே வந்தது.

திருச்சியில் சிகரெட் லைட்டர் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மொத்தம் ஒன்பது பேர். அதில் சிகரெட் பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை என்பது வேறு விஷயம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, தலைவரான பல் டாக்டர் ஹபீபுல்லாவின் வீட்டு மாடியில் கூடுவார்கள்.

லைட்டர் கால் முளைத்த சாமான். ஒருவர் பார்க்க எடுப்பார், பேச்சு சுவாரசியத்தில் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். இதற்காகவே செயலாளர் இருதயராஜ் தம் கையால் ஒரு விதி எழுதினார்: "மேசைமேல் இருக்கும் லைட்டர் யார் பாக்கெட்டுக்குப் போனாலும், டீ முடிவதற்குள் உடையவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் கிடையாது." டீ எப்போது முடியும்? குடித்தவர்கள் கிளாஸைத் தட்டில் கவிழ்த்து வைப்பது அங்கே வழக்கம். கடைசிக் கிளாஸ் கவிழ்ந்தால் டீ முடிந்தது. வேடிக்கைக்காக எழுதிய விதிதான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

இருதயராஜ் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் மரியசூசை பட்டாளத்தில் இருந்தபோது வைத்திருந்த பித்தளை பெட்ரோல் லைட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் சேகரிப்பிலேயே விலை போகாத சாமான் அதுதான். அவர் உயிரை வைத்திருந்ததும் அதன்மேல்தான்.

போன டிசம்பர் கூட்டத்தில் அதை மேசையில் வைத்திருந்தார். டீ வந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்க மாட்டார், போன் வந்தது. வெளியே போய்ப் பேசினார். அண்ணன் போய்விட்டார் என்று சேதி. முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். அவருடைய டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. கிளாஸை யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். லைட்டரைக் காணோம்.

"என் லைட்டர் யார்கிட்ட இருக்கு?"

இரும்புக்கடை தில்லைநாயகம் பாக்கெட்டைத் தட்டினார். "என்கிட்டதான் இருக்கு, செகரட்டரி சார். தட்டைப் பாருங்க, எல்லாரும் கவிழ்த்தாச்சு. நீங்க எழுதின விதிதானே?"

"எங்க அண்ணன் செத்துட்டாருய்யா. அவரோடது அது."

"கேக்கவே கஷ்டமா இருக்கு சார். ஆனா விதி விதிதானே?"

மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டை. இருதயராஜ் வாதாடவில்லை. துக்கத்தில் இருப்பவனுக்கு வழக்குப் பேசத் தெம்பு ஏது? ஊருக்குப் போய், அண்ணனின் தலைமாட்டில் மெழுகுவத்தியைத் தீக்குச்சியால் ஏற்றினார். மூன்று குச்சிகள் அணைந்தன. அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் தில்லைநாயகம் அந்த லைட்டரை அவர் மூக்குக்கு நேரே கொளுத்திக் காட்டி, "தீ வேணுமா சார்?" என்பார். இருதயராஜ் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கவனிப்பார். அந்த ஆள் லைட்டரை மேசையில் வைப்பதே இல்லை. காட்டியதும் பேன்ட்டின் வலது பாக்கெட்டுக்குள் போய்விடும். பிறத்தியார் லைட்டரில் அவர் ஆசைப்பட்டதும் அதே பாக்கெட்டுக்குத்தான் போகும். டீயை முதலில் குடித்துக் கவிழ்ப்பவரும் அவரே.

இந்த நவம்பர் கூட்டம் வந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள், அண்ணன் இறந்தபின் வரும் முதல் திருநாள். அந்த லைட்டரால்தான் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவது என்று இருதயராஜ் நேர்ந்துகொண்டிருந்தார். மேசையில் மீன் வடிவ வெள்ளி லைட்டர் ஒன்றை வைத்தார். உள்ளே இருக்கும் பஞ்சு ஊற ஊறப் பெட்ரோல் ஊற்றி, அடியிலுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, வெளியே பளிச்சென்று துடைத்திருந்தார். புதிதாக ஊற்றிய லைட்டரைப் பாக்கெட்டில் போட்டால் கசிந்து தோல் வெந்துபோகும் என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆசை வெட்கம் அறியாது.

தில்லைநாயகம் டீயைக் குடித்தார், கவிழ்த்தார், மீனைப் பாக்கெட்டில் போட்டார். இருதயராஜ் பார்த்தும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அந்த மனிதர் நெளிந்தார். பிறகு துள்ளினார். "அய்யோ, எரியுதே!" என்று பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டுக் குளியலறைக்கு ஓடினார். இருதயராஜ் பித்தளை லைட்டரை எடுத்துத் தம் பாக்கெட்டில் போட்டார். மீதி டீயைச் சொட்டு விடாமல் ரசித்துக் குடித்தார். அவருடையதுதான் கடைசிக் கிளாஸ். கவிழ்த்தார்.

நனைந்த பேன்ட்டோடு தில்லைநாயகம் வந்தார். "என் லைட்டரைக் குடுங்க!"

"தட்டைப் பாருங்க," என்றார் இருதயராஜ்.

"இது சதி! தொடையை வேக வச்சுப் பறிக்கிறது விதியில சேராது."

"அடுத்தவன் மீனைப் பாக்கெட்டில போடச் சொல்லி நானா உங்க கையைப் பிடிச்சு இழுத்தேன்?"

தலைவர் ஹபீபுல்லாவுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பேருமே விதியை வச்சுத் திருடியிருக்கீங்க. அந்த லைட்டர் சங்கத்து அலமாரிக்குப் போகட்டும்."

மூன்று பேரும் நியாயம் பேசுகிறார்கள். பித்தளை லைட்டர் யாருக்குச் சேர வேண்டும்? மீன் யாருக்கு? நீங்கள் சொல்லுங்கள்.

விடை: பித்தளை லைட்டர் ஒரு நாளும் கைமாறவே இல்லை. டிசம்பரில் இருதயராஜ் கேட்டபோது அவருடைய கிளாஸ் ஆடை கட்டிய டீயோடு ஓரத்தில் நின்றது. கடைசிக் கிளாஸ் கவிழவில்லை, ஆகவே டீ முடியவில்லை. உடையவர் நேரத்துக்குள் கேட்டும் கொடுக்காமல் பதினொரு மாதம் வைத்திருந்தது பச்சைத் திருட்டு. திருடிய பொருளுக்காகச் சதி என்று கூவ முடியாது. அலமாரிக்கும் அதில் உரிமை இல்லை. அன்றைக்கு அந்தக் கிளாஸை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தால் போதும், தொடை தப்பியிருக்கும். மீனை அதன் சொந்தக்காரர் கடைசிக் கிளாஸ் கவிழும்வரை கேட்கவில்லை. எனவே அது தில்லைநாயகத்துக்குத்தான். விதி விதிதானே? எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளட்டும்.