ஒரே நொடியில் மீசை ஆணை

சிரிக்க வைக்கிறேன். சத்தியம். ஆனால் இப்போது இல்லை, பல்லைக் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ராஜாவின் மீசையைப் பார்த்துவிடலாம்.

பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. சிக்கலே அதுதான். செங்குன்றாபுரி ராஜா வீரகுஞ்சரருக்கு மேலுதட்டில் வலப்பக்கம் துளி, இடப்பக்கம் அதைவிடத் துளி. கரப்பான்பூச்சி கவிழ்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும். அவர் நகர்வலம் போனால் தெருவெல்லாம் முறுக்கு மீசைகள் நின்று கும்பிடும். ராஜா முகம் வாடிவிடும்.

அதைக் கவனித்தவர் ராஜாவுக்கு அடுத்த பதவியில் இருந்த பிரதானி திருமேனிநாதர். அவர் குரல் வெல்லப்பாகு. கேட்டு முடித்ததும் காதைக் கழுவ வேண்டும்.

“மகாராஜா! தங்களைவிடப் பெரிய மீசை வைப்பது ராஜத்துரோகம் அல்லவோ? தாங்கள் ம் என்றால் அத்தனையும் வழித்துவிடலாமே!”

இதைச் சொன்னவருக்கே காதுவரை போகிற மீசை. தினமும் நெய் தடவுவார். தனக்கு விலக்கு உண்டு என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ராஜாவுக்குக் குக்கர் விசில் குரல். “வழியுங்கள்! வ்வ்வழியுங்கள்! நாளைக்குள்!”

வேலை அரண்மனைக் கணினிக்குப் போனது. ஆமாம், அந்த ராஜ்ஜியத்தில் கணினி உண்டு. யானையும் உண்டு. ஊரார் படமெல்லாம் அதில் அந்தஸ்து வரிசைப்படி இருந்தது. ராஜா முதலில், குதிரை லாயம் கடைசியில்.

முதலில் பிரதானியே களத்தில் குதித்தார். எல்லாப் படத்தையும் மொத்தமாக எடு, எல்லா மீசையையும் அள, அளந்ததை எல்லாம் குவித்து வை, அப்புறம் அடுத்த வேலை. இதுதான் அவர் முறை. கணினி மூச்சு வாங்கியது. முனகியது. படுத்துவிட்டது.

“கூப்பிடு செவ்வந்தியப்பனை!” என்று ராஜா விசிலடித்தார்.

செவ்வந்தியப்பன் அரண்மனை விகடகவி. கணினி மொழியும் அவனுக்கு விளையாட்டுச் சாமான். அந்த மொழியோடு கூடவே வருகிற கருவிப்பெட்டியை எழுதியதே அவன்தான். ‘வடிகட்டு’, ‘மாற்று’, ‘இத்தனை எடு’ என்று குட்டிக் குட்டிக் கட்டளைகள். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோக்கலாம்.

அவன் வருகிற வழியில் தெருக்கூத்துக்காரர் கொண்டல்ராசு காலைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நான் அசுரன் வேஷம் கட்டுறவன்யா! மீசை போனா எனக்குத் தோழி வேஷம்தான் குடுப்பானுங்க!”

“அழாதீங்கண்ணே, மையெல்லாம் கரையுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

உட்கார்ந்தான். கோத்தான். படங்களை ஒவ்வொன்றாகப் பார். ராஜா மீசையைவிடப் பெரியதை மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போக விடு. அந்த முகத்துக்கு முடிதிருத்துபவரை அனுப்பு. ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் ‘சரி’ என்று வந்தது.

“என்னய்யா, முடிந்ததா?”

“கோத்தாயிற்று, மகாராஜா.”

“ஒரே நொடியிலா!”

“நொடிகூட அதிகம்.”

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பிரதானிக்கு நெய் தடவின மீசை துடித்தது.

மறுநாள் ராஜாவுக்கு ருசி கண்டுவிட்டது. “வழித்த இடத்தில் சந்தனம் பூசச் சொல்!” கோத்தான். சரி. “சந்தனம் பூசியவன் என்னைப் போற்றிப் பாட வேண்டும்!” கோத்தான். சரி. “சுருதி தப்பினால் மறுபடி பாட வேண்டும்!” அதுவும் சரி. எல்லாம் கண் சிமிட்டும் நேரம். மீசையில்லாத ஊரை நினைத்து நினைத்து ராஜா பூரித்தார். நேரில் போய்ப் பார்க்கலாமே என்றால், வெளியே வெயில்.

வெயிலில் போனவர் பிரதானி. தெருவெல்லாம் மீசை! முன்னைவிட முறுக்காக! முடிதிருத்தும் பொன்னுரங்கம் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ஆணையா? போன்ல ஒண்ணும் வரலீங்களே சாமி.”

பிரதானி ஓடி வந்தார். “மோசடி மகாராஜா! ஒரு ரோமம்கூட உதிரவில்லை!”

குக்கர் அலறியது. “செவ்வந்தி! தலையை எடுத்துவிடுவேன்!”

“எடுக்கலாம் மகாராஜா. ஆனால் கோத்தாயிற்று என்றுதானே சொன்னேன்? நடந்தாயிற்று என்றேனா? என் கட்டளைகள் சுத்தச் சோம்பேறிகள். பாட்டு வந்து சந்தனத்தைக் கேட்கணும், சந்தனம் சவரத்தைக் கேட்கணும், சவரம் வடிகட்டியைக் கேட்கணும். அப்போதுதான் வடிகட்டி முதல் படத்தையே திறக்கும். நுனியில் ஒருவர் நின்று ‘கொடு’ என்றால்தான் சங்கிலி அசையும். தாங்கள் ஒவ்வொரு தடவையும் ‘முடிந்ததா’ என்றீர்கள். ‘கொடு’ என்று யாரும் கேட்கவில்லையே!”

“இது என்னய்யா சோம்பேறித்தனம்?”

“வேண்டாத வேலையைச் செய்யாத சோம்பேறித்தனம். ஒரு பாட்டு போதும் என்றால் ஒரு மீசைதான் போகும். பிரதானியார் முறையில் ஒரு பாட்டுக்கு ஊரையே வழிக்க வேண்டும்.”

“சரி, நானே கேட்கிறேன்…”

“அந்தப் பாக்கியம் அடியேனுக்கு!” பிரதானி குறுக்கே பாய்ந்தார்.

“எத்தனை வேண்டும் ஐயா?”

“முதலில் ஒன்று! உன் வண்டவாளம் தெரியட்டும். அப்புறம் ஊர் முழுக்க!” நெஞ்சை நிமிர்த்தினார். “ஒன்று கொடு!”

கணினி சோம்பல் முறித்தது. முதல் படம், ராஜா. ராஜா மீசை ராஜா மீசையைவிடப் பெரியதா? இல்லை, தள்ளு. இரண்டாவது படம் திறந்தது. அவ்வளவுதான். மூன்றாவதை அது தொடவே இல்லை. கடைவாசலில் ‘டிங்’ என்றது. பொன்னுரங்கம் டீயை வைத்துவிட்டுப் பெட்டியும் சந்தனக் கிண்ணமுமாக சபைக்குள் வந்தார்.

“வாரும், வாரும்! ஆள் எங்கே?” என்றார் பிரதானி.

“உக்காருங்க சாமி. நாற்காலியா, தரையா?”

பிரதானி பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே தூண்தான் இருந்தது. “யாரப்பா அது? வெட்கப்படாமல் முன்னால் வா!”

“பாட்டு ஒன்று யோசித்து வையுங்கள் ஐயா. சுருதி முக்கியம்” என்றான் செவ்வந்தி.

ராஜா பெட்டியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். விசில் விசிலாகச் சிரித்தார். “போதும் செவ்வந்தி! எனக்கு ஒன்று போதும்! ஊர் கிடக்கட்டும். அடுத்ததை யாராவது கேட்பீர்களா?”

சபை முழுக்கக் கைகள் மேலுதட்டைப் பொத்தின.

இப்போது நீங்கள் சிரிக்கலாம்.

பிரதானி மட்டும் இன்னும் தூணுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். அங்கேயும் யாரும் இல்லை. திரும்பினார். சபையே அவரைப் பார்த்தது. பொன்னுரங்கம் துண்டை உதறினார். பிரதானியின் வலது கை மெல்ல மேலே போய், நெய் வழிகிற மீசை நுனியைத் தொட்டது.

“ஐயய்யோ… நானா?”