கொக்கேரிக் கரையும் மழை முரசும்

முன்னொரு காலத்தில் மருதங்கோடு என்ற நாட்டை அதிவீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே சிரித்துத் தொலைக்காதீர்கள். அதற்கு மழை வர வேண்டும். மழை வர ஐப்பசி வர வேண்டும். இப்போது நடப்பதோ ஆவணிக் கடைசி.

சபையில் தில்லைவிடங்கர் என்று ஒருவர் இருந்தார். மழை முரசுத் திட்டம் அவர் கொண்டுவந்தது. வருடா வருடம் ஐப்பசி முதல் தேதி நூறு பேர் கோட்டையைச் சுற்றி முரசு முழக்குவார்கள். அந்த வாரமே மழை வரும். அது தன்னால்தான் என்று அவர் வாய்க்கு வந்தபடி அளக்கவில்லை, மனதார நம்பினார். வானம் இருட்டினால், தன் பிள்ளை பேர் வாங்கிவிட்டதுபோலச் செருமிக்கொள்வார். அடுத்தவர் திட்டத்துக்கு யாராவது கை தட்டினால் மட்டும் அவருக்குக் காது வலிக்கும்.

அன்று ராஜாவுக்குத் திடீரென்று சிக்கன ஞானம் பிறந்திருந்தது. போன மாதம்தான் அரண்மனைக் கிளிகளுக்குப் பட்டுக்குடை தைக்க அள்ளி விட்டிருந்தார். கஜானாவில் ஆயிரம் பொன்தான் மிச்சம் என்றதும் கொட்டாவியோடு சொன்னார்: "இனிமே போட்ட பொன்னுக்கு எது அதிகப் பலன் தருதோ அதுக்குத்தான் பணம். ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க. சுருக்கமா. பசிக்குது."

தில்லைவிடங்கர் வழக்கம்போல மூன்று தடவை கனைத்தார். "மன்னர் மன்னவா, ஏழு ஆண்டு, ஏழு முழக்கம், ஏழு மழை. ஒரு தடவையாவது தப்பியதுண்டா? இப்படிக் கைமேல் பலன் காட்டும் திட்டம் ஈரேழு உலகத்திலும் உண்டா?"

"சரியாத்தான் இருக்கு. அடுத்தது யாரு?"

கொக்கேரிக்கரையில் நெல் போடும் காத்தாயி, சேற்றுக் காலோடு வந்து நின்றாள். "ஏரிக்கரை மாடு நுழையுற அகலத்துக்குப் பிளந்து கிடக்கு மகாராஜா. இந்த மழைக்கு உடைஞ்சா, கீழ இருக்கிற பன்னெண்டு ஊரும் தண்ணியில போயிரும். அடைச்சுக் குடுக்கணும்."

"அடைச்சா என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காதுங்க."

தில்லைவிடங்கர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஒன்றும் நடக்காமலிருக்க ஆயிரம் பொன்னா? அந்த வேலையை என் வீட்டுத் தூண் தினமும் இலவசமாகச் செய்கிறதே."

சபையே சிரித்தது. நீங்கள் சேர்ந்துகொள்ள வேண்டாம். நான் சொன்ன இடம் இது இல்லை.

"ஆயிரம் பொன்னும் முரசுக்கே," என்றார் ராஜா. "முழங்கின அன்னிக்கு வந்து வாங்கிக்கும் ஓய்."

காத்தாயி அழுவாள் என்று தில்லைவிடங்கர் எதிர்பார்த்தார். அவளோ நேராக வந்து அவர் காலில் விழுந்தாள். "சாமி, இத்தனை வருசமா தெரியாமப் போச்சே. எங்க கரையை அறுக்கிற மழையை அனுப்புறது நீங்கதானா?"

"சாட்சாத் நானே."

"நீங்க கூப்பிடலேன்னா அது வராதுங்களா?"

"என் அனுமதி இல்லாமல் ஒரு துளியா? எங்கே, விழச் சொல் பார்க்கலாம்."

"அப்ப, கரையை அடைக்கிற வரைக்கும் முரசைத் தொடாம இருங்க சாமி. எனக்குப் பொன்னே வேணாம். பன்னெண்டு ஊரும் உங்க பேரைச் சொல்லிப் பொழைச்சுக்கும்."

பன்னிரண்டு ஊர். தில்லைவிடங்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தச் சபையில் யாருக்கு இவ்வளவு பேர் கிடைத்திருக்கிறது? "ஐப்பசி முழுக்க எடுத்துக்கொள், பெண்ணே. கார்த்திகை பிறந்ததும் முழக்குகிறேன்." அதோடு விடாமல், எவனாவது துடுக்காகத் தட்டி வெள்ளம் வந்துவிடக் கூடாதே என்று அன்றைக்கே நூறு முரசையும் கொட்டடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

காத்தாயி கிளம்பும்போது ராஜாவிடம் ஒன்று கேட்டாள். "அதுவரைக்கும் அந்த முரசுக்காரங்க நூறு பேரும் சும்மாவே அரண்மனை நெய்ச்சோறு சாப்பிடுவாங்களா மகாராஜா?"

ராஜாவின் கொட்டாவி பாதியில் நின்றது. "சும்மாவா? போய் மண்ணு சுமக்கச் சொல்லு."

புரட்டாசி முழுக்க நூறு பேரும் மண் சுமந்தார்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கரை அடைபட்டுவிட்டது.

ஐப்பசி மூன்றாம் நாள் தில்லைவிடங்கர் முற்றத்தில் உட்கார்ந்து வெண்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் ஒரு சொட்டு விழுந்தது. நெய் என்று நினைத்தார். அடுத்த சொட்டு மூக்கில் விழுந்தது. பிறகு ஊற்றிய ஊற்றலில் பொங்கல் கஞ்சியாகி இலையோடு மிதந்து போனது.

"முரசை அடித்தவன் எவன்?" என்று கத்தினார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் மழை விடவில்லை. நான்காம் நாள் பல்லக்கு ஏறிக் கொக்கேரிக்கே போய்விட்டார். துரோகி அந்த நூறு பேரில் ஒருவன்தான், வேறு யார்?

ராஜா அங்கே முன்பே வந்து, கிளிக்குடை ஒன்றைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். ஏரி கரையின் விளிம்பைத் தொட்டுத் தளும்பியது. கீழே பன்னிரண்டு ஊரிலும் அடுப்புப் புகை.

"என்ன நடந்துச்சு காத்தாயி?" என்று ராஜா கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலீங்க மகாராஜா."

ராஜா ஊர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆயிரம் பொன் பையை அவளிடம் நீட்டினார். "ஒண்ணும் நடக்காததுக்கு எவ்வளவு விலைன்னு இப்பத்தான் தெரியுது. வருசா வருசம் கரையைப் பார்த்துக்க."

தில்லைவிடங்கர் பல்லக்கிலிருந்து குதித்தார். "சதி, மன்னவா. எவனோ முரசை அடித்துவிட்டான். இல்லாவிட்டால் மழை எப்படி வரும்?"

"முரசு எங்க ஓய் இருக்கு?"

"கொட்டடியில். நானே பூட்டினேன். ஈகூட நுழையாது."

"சாவி?"

தில்லைவிடங்கரின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது, ஈரமாக. மழையில் கரை கரையாதபடி மண் அணைத்துக்கொண்டிருந்த நூறு முரசுக்காரர்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் அந்த ஏழு வருடமும்..." என்றார், முதல் தடவையாகக் கனைக்காமல்.