மணியக்காரரின் கண்ணாடி அச்சு

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மாடு இழுக்கும் வண்டியும் பேசும். பேசத் தெரிந்திருந்தும் பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்ட ஓர் அச்சின் கதை இது. கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

செங்கமலம் ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, கொதிக்க வைத்து விளக்கெண்ணெய் எடுப்பவள். சுற்றுவட்டாரத்து வண்டிகள் எல்லாம் அவள் எண்ணெயில்தான் ஓடின. அந்த ஊர் மணியக்காரர் பொன்னுரங்கம் புது வண்டி ஒன்று செய்யச் சொன்னார். அதைப் போல ஊரிலேயே இன்னொன்று இருக்கக் கூடாதாம். இரும்பு அச்சையும், அது நுழைகிற சக்கரத்தின் இரும்பு வளையத்தையும் பத்து நாள் தேய்க்க வைத்தார். தன் மீசை அதில் தெரிந்த பிறகுதான் போதும் என்றார். அச்சுக்குத் தலைகால் புரியவில்லை.

"தொட்டுப் பாருங்க, எங்கயாவது சொரசொரப்பு இருக்கா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கமலம் எண்ணெய் விட்டாள், வண்டி கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அச்சும் வளையமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றுவிட்டன. மாடுகள் முட்டிபோட்டு விழுந்தன. அதில் செவலை மாட்டுக்கு ஒரு கொம்பு முறிந்தது.

மணியக்காரர் அச்சைக் கேட்டாரா? தேய்க்கச் சொன்ன தன்னைத்தான் கேட்டுக்கொண்டாரா? நேராகச் செங்கமலத்தின் வாசலில் வந்து நின்றார்.

"கலப்பட எண்ணெயைக் கொடுத்து என் மாட்டை நாசம் பண்ணிட்டியே! பொழுது சாயறதுக்குள்ள அடுப்பை அணைச்சுட்டு ஊரை விட்டுப் போயிடு."

"ஊர் வண்டி அத்தனையும் அதே பானை எண்ணெயிலதான் ஓடுதுங்க ஐயா. உங்க வண்டிக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

எண்ணெய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வண்டி நின்ற இடத்துக்கு நடந்தாள். சக்கரத்தைக் கழற்ற வைத்தாள். அச்சு காய்ந்து கிடந்தது.

"ஏய், உன் மேல நான் விட்ட எண்ணெய் எங்கே? வாயைத் திற!"

பின்னாலேயே வந்த மணியக்காரரைப் பார்த்துவிட்டு அச்சு கம்மென்று இருந்தது. பொறுக்க முடியாமல் செவலைதான் சீறியது. "உன் வழவழப்புக்கு என் கொம்பு போச்சு. இப்ப அந்தப் பொம்பளை பொழைப்பும் போகணுமா?"

அதற்குமேல் அச்சால் மறைக்க முடியவில்லை.

"எண்ணெய் வழியெல்லாம் சொட்டிப் போச்சு அக்கா. என்னை உலையில அடிச்சு எடுத்தப்ப மேடும் பள்ளமுமா இருந்தேன். உசந்த மேடு நாலஞ்சுதான் வளையத்துல படும். பள்ளத்துல எண்ணெய் தங்கியிருந்து, பாரம் அழுத்தறப்ப கசிஞ்சு வந்து காப்பாத்தியிருக்கும். பள்ளமே இல்லாமத் தேய்ச்சுட்டாங்க. எண்ணெய் எங்க தங்கும்? என் உடம்பு முழுக்க வளையத்தோட ஒட்டிக்கிச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?"

"கண்ணாடி, கண்ணாடின்னாங்க. ஆசையா இருந்தது."

செங்கமலம் கீழே கிடந்த கூரான கல்லை எடுத்தாள். அச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாள்.

"ஐயோ, பத்து நாள் வேலைடி!" என்று அலறினார் மணியக்காரர்.

"பத்து நாள் கிறுக்குத்தனம்" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். வளையத்தின் உள்பக்கத்தையும் அப்படியே கீறினாள். அதே பானையிலிருந்து எண்ணெயை விட்டுச் சக்கரத்தை மாட்டச் சொன்னாள். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது.

மணியக்காரர் மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறீர்களா? மீசையைத் தடவிக்கொண்டு, "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். அச்சுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, இனிமே எண்ணெய் வத்தினா ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவேன். உன் மேல பழி விழ விடமாட்டேன்."

பிறகு வண்டிகள் பேச்சை மறந்தன. அந்த வாக்கை மட்டும் அச்சு மறக்கவில்லை. அன்று முதல்தான், வழவழப்பாக்கிய எஞ்சின் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் தங்கட்டும் என்று மெக்கானிக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுகிறார். அன்று முதல்தான், எண்ணெய் வற்றிய அச்சு கிரீச் கிரீச்சென்று கத்துகிறது: தப்பு என் மேல், செங்கமலத்தின் மேல் இல்லை.