கரிசலாங்கண்ணியின் கடைசிப் பேச்சு

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? வாய்க்கால் கரைக் கரிசலாங்கண்ணி இருக்கிறதே, அது வாயாடிகளுக்கெல்லாம் தலைவி. போகிறவர் வருகிறவரை நிறுத்திவைத்து ஊர்வம்பு பேசும். தலையில் புண் என்று யாராவது வந்தால், இலையைப் பறித்துக்கொள்ளச் சொல்லும். ஆனால் தண்ணீரின் பிள்ளை அது. பறித்த இலை மறுநாளே அழுகிவிடும்.

அங்கிருந்து இரண்டு நாள் நடைதூரத்தில், மேட்டுக்காட்டில், வேலாத்தாள் என்றொருத்தி இருந்தாள். விஷக்காய்ச்சல் கண்டு அவள் மகள் பாவாயிக்கு முடியெல்லாம் கொட்டி, தலை முழுக்கப் புண்ணாகிவிட்டது. ஒன்பது வயதுப் பெண். மூன்று மாதமாகத் தானியக் குதிருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். வாசலைத் தாண்டச் சொன்னாலே அலறினாள். வேலாத்தாள் மூன்று முறை வாய்க்காலுக்கு நடந்துபோய் இலை பறித்து வந்தாள். மூன்று முறையும் வீடு சேர்ந்தபோது முந்தானையில் நாறிப்போன சக்கைதான் இருந்தது. ஆனாலும் அவள் விடுகிற ஆள் இல்லை.

அவள் காட்டில் நின்ற எள்ளுச்செடிதான் வழி சொன்னது. "என்ற எண்ணெயில போட்டுக் கொண்டாந்தா வருசமானாலும் கெடாதுங்க. ஆனா தண்ணி ஒரு சொட்டுக்கூட இருக்கப்படாது."

நான்காம் முறை வேலாத்தாள் எண்ணெய்க் கலயமும் மண்சட்டியுமாகப் போய் வாய்க்கால் கரையிலேயே அடுப்புக் கூட்டினாள். விஷயத்தைக் கேட்ட கரிசலாங்கண்ணி முதல்முறையாகக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு யோசித்தது.

"தண்ணி போகோணும்னா நான் தீயில நிக்கோணும் அம்மணி. நிப்பேன். ஆனா என்ற பேச்சே அந்தத் தண்ணியிலதான் இருக்குது. எங்க கூட்டத்துக்கே ஒரு குரல்தான். அது போனா எல்லாத்துக்கும் போச்சு."

வேலாத்தாளுக்குக் கேட்கவும் கூச்சமாக இருந்தது, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. "புள்ளைக்கு வேற வழியில்லீங்க ஆத்தா" என்றாள்.

"அப்பப் பறி. இங்கயே கெடந்து வம்பு பேசி எனக்கும் சலிச்சுப் போச்சு. உன்ற மேட்டுக்காட்டையுந்தான் பாக்கறேன்."

வேலாத்தாள் இலையை இடித்து எண்ணெயில் போட்டுத் தீ மூட்டினாள். சூடு ஏறியதும் சட்டி சடசடவென்று கத்தத் தொடங்கியது. திட்டு என்றால் அப்படியொரு திட்டு! பாவம், போதும் என்று பாதியிலேயே இறக்கிவிட்டாள்.

இரக்கம் நல்லதுதான், ஆனால் எண்ணெய்க்கு ஆகாது. வீடு சேர்ந்த மூன்றாம் நாளே கலயம் முழுக்கக் காறல் நாற்றம்.

மறுபடியும் நடந்தாள். கரிசலாங்கண்ணிக்குத் தொண்டை கட்டியிருந்தது, வாய் மட்டும் குறையவில்லை. "உன்ற இரக்கத்தக் கொண்டுபோயி வாய்க்கால்ல போடு! நான் கத்துற வரைக்கும் தண்ணி எங்கூட இருக்குதுன்னு அர்த்தம். கத்தல் நின்னா எல்லாத்தையும் குடுத்துட்டேன்னு அர்த்தம். அப்ப எறக்கு. முந்துனா கெட்டுப்போவேன், பிந்துனா கருகிப்போவேன்."

இந்த முறை தீயைச் சிறுசாக வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் வேலாத்தாள். சட்டி அலறியது, ஏசியது, கெஞ்சக்கூடச் செய்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, கை மட்டும் சட்டிப் பக்கம் போகவில்லை. அலறல் பேச்சாகி, பேச்சு முணுமுணுப்பானது. "பாவாயியக் கேட்டதாச் சொல்லு" என்றது கடைசியாக. அப்புறம் சத்தமே இல்லை. அந்த நொடியே அவள் சட்டியை இறக்கினாள்.

அந்த எண்ணெய் கெடவில்லை. தடவத் தடவப் புண் ஆறி, பாவாயியின் தலையில் கறுகறுவென்று முடி முளைத்தது. அவள் தானாகவே வாசலுக்கு வந்த அன்றைக்கே வேலாத்தாள் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் கரையெல்லாம் கரிசலாங்கண்ணி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. "நீங்க கேட்ட பாவாயி இவதானுங்க ஆத்தா" என்றாள். பதில் வரவில்லை. அம்மாவும் மகளும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

அதைப் பார்த்துவிட்டு மற்ற மூலிகைகளும் ஒவ்வொன்றாகச் சட்டிக்கு வந்தன. அன்று தொடங்கித்தான் செடிகள் மண்ணில் நிற்கும்போது வாய் திறப்பதில்லை, இலைத் தண்ணீர் சடசடக்கும் எண்ணெய்ச் சட்டியில் மட்டும் பேசுகின்றன. தைலம் காய்ச்சுகிறவளும் யாரோடும் பேச்சுக் கொடுக்காமல், அவை சொல்லி முடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.