வெளுத்த ஏர் ஃபில்டர்

பல்லடம் சாலையில் மைமூனின் கார் ஒர்க்‌ஷாப். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த ஞானப்பிரகாசத்துக்கு ஐம்பத்து மூன்று. நூல் மில்லை மூடியபின் வந்து சேர்ந்தவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை மாற்றியவர், அதன் பெட்டி மூடியின் உட்புறம் கிலோமீட்டரையும் தன் பெயரையும் எழுதவேண்டும். மைமூன் மார்க்கரை எடுத்துக் கொடுத்தால்தான் எழுதலாம். இரண்டு வருடமாக அவள் கொடுக்கவில்லை.

"மேஸ்திரி, எம் பேரு எப்பங்க மூடியில ஏறும்?"

"ஏறுங்கண்ணா. வேலையப் பாருங்க."

ஒருநாள் கல்குவாரி முதலாளி தன் இரண்டு ஜீப்புகளையும் கொண்டுவந்தார்.

"பச்சை வண்டி மேட்டுல இழுக்கறதே இல்ல. எல்லாம் டிரைவர் பண்ற வேலை. இன்னையோட அவனை நிறுத்திடறேன்" என்றவர், போன் வர, வெளியே போனார்.

மைமூன் இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். சிவப்பு ஜீப்பின் ஃபில்டர் கரியாகக் கறுத்திருந்தது. பச்சை ஜீப்பினுடையது வெள்ளைவெளேர் என்றிருந்தது.

ஞானப்பிரகாசம் நிமிர்ந்து நின்றார்.

"குவாரி என் வீட்டு வழிதானுங்க. பச்சை வண்டி அங்கயே நிக்கும். வாராவாரம் போய் இதைக் கழட்டிக் காத்தடிச்சு வச்சேன். எட்டு மாசம் ஆச்சு. பாருங்க, தும்பைப்பூ! மில்லுல மிஷினுக்குக் காத்தடிக்காம ஷிப்ட் முடிக்கமாட்டோம்."

"உங்க கைக்குட்டையக் குடுங்க."

கறுத்த ஃபில்டருக்குப் பின்னால் இஞ்சினுக்குப் போகும் குழாயை அவள் துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. வெளுத்த ஃபில்டருக்குப் பின்னால் துடைத்தாள். கல்தூசி அப்பிக்கொண்டு வந்தது.

வெளுத்த ஃபில்டரை வெயிலில் பிடித்தாள். ஊசி ஊசியாக வெளிச்சம்.

"மில்லுல நீங்க காத்தடிச்சது இரும்புங்கண்ணா. இது காகிதம்."

முதலாளி திரும்பி வந்தார். "என்னம்மா, டிரைவர்தானே?"

மைமூன் கைக்குட்டையை ஞானப்பிரகாசத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் அதில் அப்பியிருந்த தூசியைப் பார்த்தார். பிறகு பானட்டின்மேல் விரித்தார்.

"டிரைவர் மேல தப்பில்லீங்க. ஃபில்டரை ஊதி ஊதி ஓட்டையாக்கினது நானு. தூசி இஞ்சினுக்குள்ள போயிருச்சு."

"நல்லாத்தான் தொழில் கத்துக்கிட்டீங்க போங்க! நரைச்ச தலைக்கு இது வேறயா?" என்றார் முதலாளி.

"இஞ்சினை இறக்கிச் சரி பண்ணணுங்க. நானே நின்னு செஞ்சு தர்றேன். டிரைவரை நிறுத்தாதீங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் டிரைவர் சிவப்பு ஜீப்பை ஓட்டிக்கொண்டு அந்த வழியே போனதை ஞானப்பிரகாசம் பார்த்தார்.

ஐந்தாம் நாள் பச்சை ஜீப்பின் இஞ்சின் சீராக ஓடியது. ஞானப்பிரகாசம் புது ஃபில்டரை வைத்து மூடியைக் கையில் எடுத்தார். மைமூன் மார்க்கரை நீட்டினாள்.

"நான் கெடுத்த வண்டியிலயாங்க மேஸ்திரி?"

"அந்தக் கறுத்த ஃபில்டரைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேனுங்க."

"தூசியைத் தன்னைத் தாண்டி விடலீங்களே அது. நீங்களும் பழியை டிரைவர் மேல விடலீங்க."

ஞானப்பிரகாசம் மார்க்கரை வாங்கினார். கிலோமீட்டரை எழுதினார். அதன் கீழே, ஓர் எழுத்தையும் சுருக்காமல், தன் பெயரை எழுதினார்.